அனுப்பிரியா கையால் எழுதியது

போடி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் உள்ள சந்தில் என் தையல் கடைக்கும் அனுப்பிரியாவின் ஆன்லைன் கடைக்கும் நடுவில் ஒரு பிளைவுட் பலகைதான். அவள் தும்மினால் எனக்குக் கேட்கும். பட்டா மாறுதல், வருமானச் சான்று, ஆதார் திருத்தம், கலெக்டருக்கு மனு எல்லாம் அவள் கையால்தான் போகும். வந்தவர் தன் அப்பன் பேரைச் சொல்லி முடிப்பதற்குள் விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருக்கும். வாயும் அதே வேகம். அப்படிப்பட்டவள் போன ஆடி மாதம் ஒரு பக்கக் கடிதம் எழுத முடியாமல் என் உயிரை வாங்கிவிட்டாள்.

கடிதம் தேவிக்கு. இருவரும் ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. தேவியை மலைமேல், போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு ஏலத்தோட்டத்தில் கட்டிக் கொடுத்தார்கள். புருஷன் முத்துக்கண்ணன், மாமியார் மாயக்காள், எல்லாருக்கும் தோட்டத்திலேயே வேலை, லயம் என்கிற வரிசை வீடுகளில் குடியிருப்பு. சித்திரையில் தேவிக்கு ஏழாம் மாதத்திலேயே வலி கண்டுவிட்டது. கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தும் பிள்ளை உயிரில்லாமல்தான் பிறந்தது. ஆண்பிள்ளை. முத்துக்கண்ணன் அதைத் துண்டில் சுற்றி மேலே கொண்டுபோய்த் தோட்டத்து ஓரத்தில் அடக்கம் செய்தான்.

யாரும் அழவில்லை. மூச்சு விடாத பிள்ளைக்கு அழுதால் அடுத்தது தங்காது என்று மாயக்காள் சொல்லிவிட்டாள். கெட்ட மனுஷி இல்லை, அவளுக்குச் சொல்லி வைத்தது அப்படி. தேவியும் உடம்பு தேறியதும் கூடையை எடுத்துக்கொண்டு காய் பறிக்கப் போய்விட்டாள்.

போனில் பேசலாமே என்பீர்கள். லயத்தில் டவர் எடுக்காது. மேட்டில் ஒரு பாறை இருக்கிறதாம், அங்கேதான் எடுக்கும். சாயங்காலம் ஆனால் லயத்துச் சனம் முழுக்க அந்தப் பாறையில்தான் நிற்கும். ஒருத்தி பேசுவதை ஊரே கேட்கும். தேவி அங்கே நின்று, "நல்லா இருக்கேன். நீ?" என்பாள். அவ்வளவுதான். மெசேஜ் அனுப்பலாம் என்றால் வீட்டுக்கே ஒரு போன், அதுவும் கொழுந்தன் கையில். பிறகு அந்த "நல்லா இருக்கேன்" கூட நின்றுபோய் வெறும் "ம்" ஆகிவிட்டது.

"அவ உள்ளுக்குள்ளயே செத்துக்கிட்டு இருக்காக்கா. வேலைக்குப் போறா, சோறாக்குறா, அதுனால ஒருத்தருக்கும் தெரியல. அவகூட ஒரு தடவையாச்சும் மனசு விட்டுப் பேசணும்" என்றாள் அனுப்பிரியா.

"அப்ப கடுதாசி எழுது" என்றேன். சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னது. இவள் பிடித்துக்கொண்டாள்.

முதலில் கம்ப்யூட்டரில் அடித்து பிரிண்ட் எடுத்தாள். எடுத்துப் பார்த்துவிட்டு அவளே, "ரேஷன் கடை நோட்டீஸ் மாதிரி இருக்குக்கா. இதை யாருக்கு வேணா அனுப்பலாம்" என்று கிழித்துப் போட்டாள். பிறகு வெள்ளைத்தாளும் பேனாவும் எடுத்து உட்கார்ந்தாள். ஒரு மணி நேரம் கழித்து எட்டிப் பார்த்தேன். இடது பக்கம் அனுப்புநர், அதற்குக் கீழே பெறுநர், நடுவில் கோடு போட்டு, 'பொருள்: நலம் விசாரித்தல் தொடர்பாக.'

எனக்கு வந்த சிரிப்பில் ஊசி குத்திக்கொள்ளப் பார்த்தேன். "ஏண்டி, ஸ்டாம்பு ஒட்டலையா? கீழே இணைப்பு ஏதாச்சும் உண்டா?"

"பள்ளிக்கூடத்துல லீவு லெட்டரு, இங்க மனு. வேற என்னத்தை எழுதியிருக்கேன் நானு?" என்று என் மேலேயே பாய்ந்தாள்.

அதுவும் நியாயம்தான். கலெக்டருக்கு எழுதத் தெரிந்தவளுக்குச் சிநேகிதிக்கு எழுதத் தெரியவில்லை. மறுநாள் பொருளை எடுத்துவிட்டாள், ஆனாலும் இரண்டாவது வரியிலேயே 'தாங்கள்' வந்து நின்றது. விரல் வலிக்கிறது என்றாள். எழுத்து கோழி கிளறியதுபோல இருக்கிறது என்றாள். எனக்குப் புரிந்தது, வலி விரலில் இல்லை. கம்ப்யூட்டரில் ஒரு வார்த்தை பிடிக்காவிட்டால் அழித்துவிடலாம், தடயம் இருக்காது. பேனாவில் அடித்துத் திருத்தினால், முதலில் என்ன எழுத நினைத்தாள் என்று தேவி கண்டுபிடித்துவிடுவாள். அதற்குப் பயந்து பயந்து தாள் தாளாகக் கசக்கினாள். என் கடை வாசல்வரை உருண்டு வந்தது குப்பை. நான் கத்திய கத்தலுக்கு அளவில்லை.

ஒரு நாள் மத்தியானம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்தாள். பலகைக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அவள் கடையில் சத்தம் இல்லாமல் நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். வெளியே வந்தபோது கண்ணெல்லாம் சிவந்திருந்தது. கவரை நன்றாக ஒட்டியிருந்தாள். என்ன எழுதினாய் என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் விடிகாலை, தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஒச்சப்பன் ஜீப்பில் அதைக் கொடுத்தாள். அவர் ஒரு வார்த்தை பேசுவதற்கு ஒரு நாள் யோசிக்கிற மனுஷர்.

"அண்ணே, இதைத் தேவி கையிலதான் கொடுக்கணும். வேற யாருகிட்டயும் கொடுத்துறாதீக. அவ எங்க இருக்காளோ அங்க போய்க் கொடுங்க" என்று அவரிடம் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

சாயங்காலம் ஜீப் திரும்பியது. ஒச்சப்பன் இறங்கி நேராக எங்கள் கடை வாசலுக்கு வந்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் அனுப்பிரியா எழுந்து நின்றுவிட்டாள்.

"தப்பாப் போச்சு தாயி" என்றார். "நீ சொன்னபடி அவ கையிலதான் கொடுக்கணும்னு தோட்டத்துக்குள்ளயே எறங்கிப் போனேன். அங்க மழைக்காலத்துல டவர் படுத்துருச்சுன்னா எழவுச் சேதி எங்க ஜீப்புலதான் சீட்டு எழுதி மேல போகும். மத்த எதையும் ஸ்டோர்லயே போட்டுட்டு வந்துருவோம். எழவுச் சீட்டைத்தான் ஆள் நிக்கிற எடத்துக்கே கொண்டுபோய்க் கொடுக்குறது. ஒரு வாரமா டவர் இல்ல. நான் கையில கவரோட எறங்குறதைப் பாத்ததும் மாயக்கா கூடையைப் போட்டுட்டு, ஐயோன்னு விழுந்துட்டா. தேவியோட ஆத்தாதான் போயிருச்சுன்னு நெனைச்சுட்டா. பக்கத்து நெறையில காய் பறிச்சுக்கிட்டிருந்த பொம்பளைகளும் ஓடியாந்து மாரடிக்க ஆரம்பிச்சிட்டாக. நான் சொல்றது ஒருத்தர் காதுலயும் ஏறல."

"தேவி?"

"அவ பிரிக்கப் பயந்துக்கிட்டு நின்னா. முத்துக்கண்ணன் வாங்கிக் கிழிச்சான். யாரு, யாருன்னு எல்லாரும் கேக்குறாக. அவன் சத்தமா வாசிச்சுட்டான் தாயி."

அனுப்பிரியா பலகையைப் பிடித்துக்கொண்டாள். "எல்லாத்தையுமா?"

"'தேவி, நிலவன் பேரை நீ என்கிட்ட மட்டுந்தான் சொன்ன. அவன் பேரை ஒருத்தரும் சொல்றதில்லைன்னு எனக்குத் தெரியும். அதுனால நான் சொல்றேன். நிலவன் போயிட்டான். நீ அவனுக்கு அழுகணும், அழு.' அதுவரைக்கும் வாசிச்சான். அதுக்கு மேல அவனால வாசிக்க முடியல."

அனுப்பிரியா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். "போச்சு. அவ ஒளிச்சு வச்சிருந்த பேரை ஊருக்கே சொல்லிட்டேன். இனி எம்மொகத்துல முழிக்க மாட்டா" என்றாள். நான்தானே எழுது என்றவள்.

ஒச்சப்பன் இல்லை என்று தலையை ஆட்டினார். அவ்வளவு பேசியதில் அவருக்கே மூச்சு வாங்கியது.

"அழுகை நின்னுரும்னுதான் நானும் நெனைச்சேன். நிக்கல தாயி. மாயக்கா தேவியையே பாத்தா. 'எம்பேரனுக்குப் பேரு வச்சிருந்தியாடி?'ன்னா. தேவி ஆமான்னு தலையாட்டுனா. அம்புட்டுத்தான். மாயக்கா நெலத்துல உக்காந்து அவளை மடியில இழுத்துப் போட்டுக்கிட்டு, பேரைச் சொல்லிச் சொல்லி அழுக ஆரம்பிச்சா. மத்த பொம்பளைகளும் கட்டிப்பிடிச்சு உக்காந்துட்டாக. தேவி வாய்விட்டு அழுதா. இத்தனை மாசத்துல இன்னைக்குத்தான் அழுகுறாளாம். சூப்பர்வைசரே துண்டைத் தலையில இருந்து எடுத்துட்டாரு."

பலகைக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவளும் அழுதோம். வெட்கமாகக்கூட இல்லை.

"நாளைக்கு அந்தப் பிள்ளையைப் பொதைச்ச எடத்துல பால் தெளிக்கிறாக" என்றார் ஒச்சப்பன். "மொத ஜீப்புல உன்னை வெரசா வரச் சொன்னா தேவி. நீ வராம ஆரம்பிக்கக் கூடாதுன்னு மாயக்காகிட்டயே சொல்லிட்டா."

மறுநாள் ஆன்லைன் கடை திறக்கவில்லை. பட்டாவுக்கும் ஆதாருக்கும் வந்தவர்கள் பூட்டைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து நின்றார்கள். துக்க வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்றேன். யார் தவறியது என்று ஒருவர் கேட்டார்.

நிலவன் என்றேன்.