செல்வராஜ் வாசிக்காத இடம்

செல்வராஜ் அண்ணன் இறந்துவிட்டார் என்று அவர் மனைவி கனகா அண்ணி போன் செய்தபோது, மும்பை செம்பூர் ஸ்டுடியோவில் நான் அவருடைய கிட்டாரைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். போனை வைத்த பிறகும் ஸ்பீக்கரில் அவர் வாசித்துக்கொண்டே இருந்தார். எனக்கு அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. அந்த வாரம்தான், நெஞ்சைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தவரிடம் டாக்டரைப் பார்க்கச் சொன்னேன். "இது வெறும் கேஸ் ட்ரபுள்லே. ஸ்டேஷன்ல வடாபாவ் தின்னேன்" என்றார். பக்கத்து அறையில் ஒரு கம்பி இம்மி சுருதி இறங்கினாலும் எழுந்து வருகிற மனுஷன். சொந்த நெஞ்சு சொன்னதை மட்டும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

தாராவியில் வளர்ந்து, கல்யாண ஆர்கெஸ்ட்ராக்களில் வாசித்துப் பிழைத்து, சொந்தமாக ஒரே ஒரு ராக் ஆல்பம் போட்டவர் அவர். அதில் பாடுகிற குரல் கிடையாது, கிட்டார்தான் எல்லாம். அந்த 'தொண்ணூறடி ரோடு' கேசட்டை மாட்டுங்காவிலும் சுனாபட்டியிலும் நகலுக்கு நகல் எடுத்துத் தேய்த்தவர்கள் இந்த ரசிகர் குரூப்பில் இருக்கும் நீங்கள்தான். அதன் மூல டேப்பைச் சரிசெய்து ரீமாஸ்டர் பண்ணும் வேலை எனக்கு வந்தது.

அவர் போனதிலிருந்து 'மந்திர விரல்கள்', 'ஆன்மாவின் இசை' என்று குரூப்பில் எழுதிக் குவிக்கிறீர்கள். தயவுசெய்து நிறுத்துங்கள். பாண்டுப்பில் ஒரு கல்யாண மேடைக்குப் பின்னால் ஒருவர் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னா ஃபீல் சார், என்னா ஃபீல்!" என்று உருகினார். அந்த ஆள் நகர்ந்ததும் அண்ணன் என்னிடம் சொன்னார்: "ஃபீலாம்லே. தாளம் தட்டுத மெட்ரோனோமப் போட்டுக்கிட்டு ஒரே வரிய வாசிச்சு வாசிச்சு, பக்கத்து வீட்டுக்காரன் செவுத்த இடிச்சானே, அது எந்தக் கணக்குல சேரும்?"

அந்த உழைப்பு இப்போது கேட்கிறது. கேசட்டில் கீழ்க்கம்பிகள் பேஸ் கிட்டாரோடு சேர்ந்து களி மாதிரிக் கிடந்தன. புதிய பதிப்பில், உள்ளங்கையால் கம்பியை அமுக்கி ஒவ்வொரு அடியையும் அவர் நறுக்கி நிறுத்துவது தனியாகத் தெரிகிறது. இரண்டாவது பாட்டில் வாசிப்பது இரண்டு கிட்டார் என்பதே உங்களில் பலருக்குத் தெரியாது. இடது காதில் ஒன்று, வலது காதில் ஒன்று, இரண்டும் அவரே. கம்பியை வளைத்து ஒரு சுரத்துக்குப் போவதில் அவருக்கு அவசரமே இல்லை. வந்து சேரமாட்டார் என்று நாம் பதறுகிற நேரத்தில் வந்து, சரியாக அதன் மேல் நிற்பார். இதை மந்திரம் என்று சொல்வது சோம்பேறித்தனம்.

எங்களுக்குள் சண்டை வந்தது கடைசிப் பாட்டில். எல்லா வாத்தியங்களும் உச்சத்துக்கு ஏறியதும் சட்டென்று நிறுத்திவிடுவார். நீளமான ஓர் இடைவெளி. பிறகு ஒற்றைக் கம்பி. அந்த இடைவெளியில் டேப்பின் இரைச்சலும் கிட்டார் ஆம்ப்ளிஃபயரின் உறுமலும் அடியில் அவர் மூச்சை இழுப்பதும் பதிவாகியிருந்தன. இரைச்சலை நீக்குவதுதான் நான் படித்த தொழில். எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் பெருமையாகப் போட்டுக் காட்டினேன்.

"என்னத்தலே செஞ்ச?"

"நாய்ஸ எடுத்துட்டேன் அண்ணா. எவ்ளோ க்ளீனா இருக்கு பாருங்கோ."

"ஆளையும் சேத்துல்லா எடுத்துட்ட. அந்த எடத்துல நான் வாசிக்காம இருக்கேம்லே. நீ போட்டதுல அங்க யாருமே இல்ல. பெரிய புத்திசாலின்னு ஜாஸ்தி ஷாணா ஆவாத, எடுத்தத திருப்பி வையி."

"ஹெட்போன்ல கேக்கறவா என்னைத்தானே திட்டுவா?"

"திட்டட்டும். உன் பேராவது தெரியட்டும்."

திருப்பி வைத்தேன். உறுமலை மட்டும் கொஞ்சம் இறக்கிக்கொள்ள ஒப்புக்கொண்டார். அது இன்னமும் அதிகம் என்பதுதான் என் அபிப்பிராயம்.

ஆல்பத்தை வெளியிடுகிற கம்பெனிக்கோ அந்த இடைவெளியே பிடிக்கவில்லை. போனில் கேட்பவர்கள் பாட்டு முடிந்ததென்று அடுத்ததற்குப் போய்விடுவார்களாம். வெட்டி ஒட்டச் சொன்னார்கள். அண்ணன் இருந்தவரை முடியாது என்றார். அவர் போன பிறகு கேள்வி அண்ணியிடம் வந்தது. "எனக்கு இதெல்லாம் என்னத்தத் தெரியும் தம்பி? கம்பெனிக்காரங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார் அவர். நான் எவ்வளவு விளக்கியும் பயனில்லை. இரங்கல் கூட்டம் முடியட்டும், சரி என்று சொல்லிவிடுகிறேன் என்றார்.

மாட்டுங்கா ஹாலில் அந்தக் கூட்டம் நடந்தது. பேசியவர்கள் பாதிப்பேர் தங்களைப் பற்றித்தான் பேசினார்கள். கடைசியாக இந்தப் பாட்டைப் போட்டேன். இடைவெளி வந்ததுதான் தாமதம், தொகுப்பாளர் மைக்கைப் பிடித்தார். "அமர இசை! அனைவரும் எழுந்து நின்று இரண்டு நிமிடம் மௌன அஞ்சலி..."

நாற்காலிகள் கரகரவென்று நகர்ந்தன. எல்லோரும் எழுந்து தலையைக் குனிந்த நேரத்தில் ஒற்றைக் கம்பி பாய்ந்து வந்தது. சிலர் திடுக்கிட்டு உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தவர்களைப் பார்த்துச் சிலர் முறைத்தார்கள்.

"சார், பாட்டு இன்னும் முடியல!" என்று கத்தியபடி பாட்டை நிறுத்தினேன். கம்பெனிக்காரர் பின்வரிசையிலிருந்து என்னைப் பார்த்து, நான்தான் சொன்னேனே என்பதுபோலக் கையை விரித்தார். அவர் சொன்னது அப்படியே நடந்திருந்தது.

முன்வரிசையில் அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். அழுகிறார் என்று நினைத்து ஓடினேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"வீட்லயும் இதே கததான் தம்பி. ஒண்ணு கேட்டா பேசவே மாட்டாவ. சரி, இனும எங்க பதில் வரப்போவுதுன்னு நான் அடுப்படிக்குப் போயிருவேன். அப்பந்தான் வாயத் தொறப்பாவ." கண்ணைத் துடைத்துக்கொண்டு பின்வரிசைப் பக்கம் திரும்பினார். "அத வெட்டாதீங்க சார். அவ்வொ அப்படித்தான். தம்பி, நீ மொதல்லேருந்து போடு."

போட்டேன். நின்றவர்கள் நின்றபடியே கேட்டார்கள். இடைவெளி வந்தபோது தொகுப்பாளர்கூட வாயைத் திறக்கவில்லை. உறுமல் கேட்டது. மூச்சு கேட்டது. பிறகுதான் கம்பி.

ஆல்பம் அப்படியே வெளிவருகிறது. என்னிடம் அவர் விட்டுப்போனது ஒரு தடங்கல்தான். யாருடைய பதிவாக இருந்தாலும் இரைச்சலைத் துடைக்கப் போகும் கை ஒரு கணம் நிற்கிறது. அங்கே யாராவது வாசிக்காமல் இருக்கிறார்களா என்று கேட்டுப் பார்க்கிறேன். வேலை தாமதமாகிறது, திட்டு விழுகிறது. நீங்களும் அந்த இடத்தில் அடுத்த பாட்டுக்குத் தாவாதீர்கள். வெறும் கேஸ் என்று அவர் தள்ளிவிட்ட அந்த நெஞ்சிலிருந்து வந்த மூச்சு அங்கே மட்டும்தான் மிச்சமிருக்கிறது.