சமையல்காரரைப் பிடித்துக் கொடுத்தவன்

என் மனைவி இரண்டு மாதமாக விளையாடிக்கொண்டிருந்த ஒரு விளையாட்டை, அவள் வீட்டில் இல்லாத ஒரு பகலில் நான் முடித்துவைத்தேன். அவளைக் கேட்காமல் செய்தேன். செய்த பிறகு பொய்யும் சொன்னேன். இதெல்லாம் ஒரு குற்றமா, விளையாட்டுதானே என்று சிலருக்குத் தோன்றலாம். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது.

சென்ற ஆண்டு அவளுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தது. திருச்சியில் முடித்துக்கொண்டு பெரம்பலூருக்குத் திரும்பிய பின் அவளுடைய நடமாட்டம் படுக்கையறைக்கும் கூடத்துக்கும் இடையில் என்றாகிவிட்டது. வாழ்நாளெல்லாம் நடந்தவள் அவள். கிராம சுகாதாரச் செவிலியராக வரதராஜன்பேட்டைப் பக்கம் வீடு வீடாக ஏறி இறங்கியவள். எங்கள் தெருவில் இன்றும் அவளை ‘சிஸ்டர்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். நான் அரியலூரில் ஒரு கல்லூரியில் பொருளாதாரம் நடத்தி ஓய்வு பெற்றவன். நாற்காலி எனக்குப் பழகியது. அவளுக்கு அது தண்டனையாக இருந்தது.

பெங்களூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள் பொங்கலுக்கு வந்தபோது தன்னுடைய விஆர் ஹெட்செட்டை அம்மாவுக்குக் கொண்டுவந்து கொடுத்தாள். கண்களை மறைத்து முகத்தில் மாட்டிக்கொண்டால் வேறோர் இடத்துக்குள் போய்விட்டதுபோல இருக்கும். தலையைத் திருப்பினால் பின்னால் இருப்பதும் தெரியும். கையில் இரண்டு பிடிகள். அவற்றால் கதவைத் திறக்கலாம், பொருளை எடுக்கலாம்.

“இதுல சண்டை கிடையாதும்மா. உக்காந்த இடத்துலேந்தே ஊரச் சுத்தலாம்” என்று சொல்லி, ஒரு விளையாட்டையும் அதில் போட்டுக் கொடுத்தாள்.

மலையூர் ஒன்றில் ஒரு பழைய விடுதி. அதை நடத்திவந்த அம்மாள் ஒரு மழை நாளில் காணாமல் போய்விட்டாள். அவளுக்கு என்ன ஆயிற்று என்று நாம் கண்டுபிடிக்க வேண்டும். விடுதியில் அவளுடைய தம்பியும், ஒரு சமையல்காரரும், நெடுநாளாகத் தங்கியிருக்கும் ஒரு டாக்டரும் இருக்கிறார்கள். அவர்களோடு பேசலாம், அறைகளைப் பார்க்கலாம். இவர்தான் என்று தோன்றினால் முன்கூடத்துத் தொலைபேசியை எடுத்துப் போலீசுக்குப் பெயரைச் சொல்ல வேண்டும். சொன்னால் கதை முடிந்துவிடும். பேச்செல்லாம் ஆங்கிலம், கீழே எழுத்தும் ஓடும். செவிலியர் பயிற்சியில் படித்த ஆங்கிலம் அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

அவள் காலை இட்லிக்குப் பிறகு மாட்டிக்கொள்வாள். அவள் பார்ப்பது எங்கள் டிவியிலும் தெரியும்படி மகள் செய்திருந்தாள். அதனால் நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்கப் பார்க்க எனக்குப் பொறுமை போயிற்று. ஓர் இழுப்பறையைத் திறந்தால் உள்ளே இருக்கும் கரண்டிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, இருந்த இடத்திலேயே வைத்து, இழுப்பறையை மூடிவிட்டுத்தான் நகருவாள். சன்னலில் மழை பெய்தால் நின்று அதைப் பார்ப்பாள். சமையல்காரர் காப்பி கொடுத்தால் வாங்கிக்கொண்டு, அவர் பேசி முடிக்கும்வரை காத்திருப்பாள். அவர் தன் ஊரைப் பற்றி, இறந்துபோன தாயைப் பற்றியெல்லாம் பேசுவார். வழக்குக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை.

எதிர்வீட்டுக்காரர் அரசு பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். பேப்பர் வாங்க வருகிறேன் என்று வந்து டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவார்.

“சிஸ்டர், அந்தத் தம்பிக்காரன் மூஞ்சியே சரியில்ல. போன எடுத்து அவன் பேரச் சொல்லிவுடுங்க.”

“மூஞ்சியப் பாத்துப் புடிச்சுக் குடுக்கறதுன்னா உங்கள எப்பவோ புடிச்சுக் குடுத்திருக்கணும்” என்றாள் அவள், ஹெட்செட்டைக் கழற்றாமலே.

ஒருநாள் அவரும் மாட்டிப் பார்த்தார். விடுதியின் முன்வாசலில் ஒரு நாற்காலி உண்டு. அதில் போய் உட்கார்ந்தார். மழைச் சத்தம் கேட்டபடி அப்படியே தூங்கிவிட்டார். எழுப்பினபோது, “நல்லா இருக்கு சார். ராவு வண்டியில சன்னல் சீட்டு கெடச்ச மாதிரி” என்றார். அதுதான் அவருடைய கருத்து. மகளின் கருத்து வேறு. “ஒரு கதவத் தொறக்கறதுக்குள்ள எனக்கு வயசாயிடும்போல இருந்துச்சுப்பா. பாதியில வுட்டுட்டேன்” என்று போனில் சொன்னாள்.

இணையத்தில் அந்த விளையாட்டை விற்கும் பக்கத்தில் ஆடியவர்கள் எழுதிய கருத்துகள் நிறைய இருந்தன. செய்தித்தாளை முடித்துவிட்டு அவற்றைப் படிப்பது எனக்குப் பழக்கமாயிற்று. பாதிப்பேர் ஆமை என்று திட்டியிருந்தார்கள். மீதிப்பேர் அந்த நிதானத்துக்காகவே ஆடுவதாக எழுதியிருந்தார்கள். வேலை முடிந்து வந்ததும் அந்த விடுதியில் போய்ச் சும்மா நிற்பேன், யாரையும் கண்டுபிடிக்க எனக்கு அவசரமில்லை என்று ஒரு பெண் எழுதியிருந்தாள். இவ்வளவு பேர் சொல்கிறார்களே, நாமும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்ற ஆசை எனக்கு வந்தது. வாழ்நாளெல்லாம் விடைத்தாள் திருத்தியவனுக்கு மதிப்பெண் போடாமல் இருக்க முடியாது. ஆனால் முழுதும் படிக்காத புத்தகத்தைப் பற்றி எழுதக்கூடாது என்பது என் கொள்கை. என் மனைவியோ இந்த ஜென்மத்தில் முடிக்கப்போவதாகத் தெரியவில்லை.

அவளுடைய தங்கை அரியலூரில் இருக்கிறாள். அவளுடைய பேத்திக்குக் காதுகுத்து வந்தது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு என் மனைவி பஸ் ஏறப்போவது அதுதான் முதல்முறை. வயிறு சரியில்லை என்று நான் நின்றுகொண்டேன். எதிர்வீட்டுக்காரரும் அவர் மனைவியும் துணைக்குப் போனார்கள். அவர்கள் தெருமுனை திரும்பியதும் நான் கதவைத் தாழிட்டுவிட்டு ஹெட்செட்டை மாட்டிக்கொண்டேன்.

‘தொடர்க’ என்ற பொருளில் ஒரு பொத்தான் இருந்தது. அதை அழுத்தினேன். அவள் விட்டிருந்த இடத்தில், விடுதியின் சமையலறையில் நின்றேன். மேசைமேல் கோப்பைகள் வரிசையாக இருந்தன, அவள் அடுக்கியவை. நனைந்த குடை ஒன்றை அடுப்போரம் சாய்த்து வைத்திருந்தாள். அப்போதே நான் திரும்பியிருக்கலாம். அது அடுத்தவருடைய அறை என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

நான் வேகமாக ஆடினேன். திறந்ததை மூடவில்லை. சமையல்காரரின் கையில் வெட்டுக்காயம் இருந்தது. அந்த அம்மாள் காணாமல் போன மாலையில் எங்கே இருந்தார் என்பதையும் மாற்றி மாற்றிச் சொன்னார். எனக்கு அது போதுமாக இருந்தது. தொலைபேசியை எடுத்து அவர் பெயரைச் சொன்னேன். ஜீப் வந்தது. அவர் இடுப்பில் கட்டியிருந்த சமையல் ஏப்ரனை அவிழ்த்து, மடித்து, நாற்காலிமேல் வைத்துவிட்டுப் போனார். திரை கறுத்தது. நான் சொன்னது சரியா தவறா என்று விளையாட்டு சொல்லவில்லை. சரி என்றே எடுத்துக்கொண்டேன். அன்று மாலைக்குள், ‘மிக மெதுவானது. சமையல்காரர்தான் என்பதை யோசிக்கத் தெரிந்தவர் ஒரே பகலில் கண்டுபிடித்துவிடலாம்’ என்று ஆங்கிலத்தில் எழுதி, குறைந்த மதிப்பெண்ணும் போட்டேன்.

அவள் பூந்திப் பொட்டலத்தோடு வந்தாள். முகம் தெளிவாக இருந்தது. “பஸ்ல வர்றப்ப அதையேதான் நெனச்சுட்டு வந்தேன். நாளைக்கு அந்தப் பூட்டிக் கெடக்கற மாடி ரூமத் தொறக்கணும்” என்றாள்.

மறுநாள் காலை ஹெட்செட்டை மாட்டியவள் உடனே கழற்றினாள். “ஏங்க, என்னோடதக் காணோம். புதுசா ஆரம்பின்னு மட்டும் காட்டுது.”

“ஏதாச்சும் அப்டேட் வந்திருக்கும்” என்றேன். குரல்கூட மாறவில்லை எனக்கு.

அவள் மகளுக்குப் போன் செய்தாள். சற்று நேரத்தில் மகள் என்னைக் கூப்பிட்டாள். “அதுல ஒரு ஆட்டத்தத்தான்ப்பா சேவ் பண்ணி வைக்கும். முடிச்சிட்டா அதுவும் போயிடும். நேத்து முடிச்சதா என் போனுக்கு வந்துச்சு.” நான் போனோடு வாசலுக்கு நகர்ந்தேன். “நான் அம்மாகிட்ட சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லிடுங்க” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

நான் சொல்லவில்லை. அவள் ஹெட்செட்டைத் துண்டில் சுற்றி அலமாரியில் வைத்துவிட்டாள். முதலிலிருந்து ஆரம்பிக்கலாமே என்று ஒருநாள் மெல்லக் கேட்டுப் பார்த்தேன்.

“எல்லார்கிட்டயும் திரும்ப மொதல்லேந்து பேசணும். நீ யாருன்னு கேப்பாங்க. இவ்ளோ நாளு பழகிட்டு அது ஒரு மாதிரி இருக்கும். போவுது வுடுங்க.”

காலையில் வாசலைப் பார்த்து உட்கார ஆரம்பித்தாள். காலுக்குச் சொல்லிக் கொடுத்த பயிற்சிகளையும் ஏனோதானோ என்று செய்தாள். அவளுக்கு அந்த விடுதி எவ்வளவு தூரம் வெளியே போய்வரும் வழியாக இருந்தது என்பது அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது.

என் கருத்துக்குக் கீழே இரண்டொருவர் பதில் எழுதியிருந்தார்கள். ‘மாடி அறையைத் திறந்து பார்த்தீர்களா?’ என்று ஒருவர் கேட்டிருந்தார். இன்னொருவர், தானும் முதலில் சமையல்காரரைத்தான் சொன்னதாகவும், மறுபடி ஆடி மாடி அறையைப் பார்த்தபோது அவராக இருக்க முடியாது என்று தெரிந்து ரொம்ப நாள் மனசு சரியில்லாமல் இருந்ததாகவும் எழுதியிருந்தார். நான் மாடிப்படி ஏறவே இல்லை.

காதுகுத்துக்கு நான் வராததைக் குறையாகச் சொல்லி, இரண்டுபேரும் வந்து சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும் என்று தங்கை கூப்பிட்டாள். கிளம்பினோம். வழியில் பேரளி என்ற ஊரைத் தாண்டிச் சுண்ணாம்புக்கல் லாரி ஒன்று அச்சு முறிந்து குறுக்கே நின்றது. முன்னும் பின்னும் வண்டிகள். எங்கள் பஸ் டிரைவர் எஞ்சினை நிறுத்திவிட்டார். எங்கேயும் எழுந்து போக முடியாத அந்த இடத்தில்தான் எனக்கு வாய் வந்தது.

“அப்டேட்டெல்லாம் ஒண்ணும் வரல. நான்தான் உன் ஆட்டத்த முடிச்சேன்.”

அவள் சன்னலிலிருந்து திரும்பினாள். “வவுறு சரியில்லன்னீங்களே, அன்னைக்கா?”

“ஆமா.”

“யாரப் புடிச்சுக் குடுத்தீங்க?”

“சமையக்காரர.”

அதுவரை சாதாரணமாக இருந்த முகம் அப்போதுதான் மாறியது. “அவரயா? எத்தன தடவ காப்பி போட்டுக் குடுத்தாரு. அவரயா இழுத்துட்டுப் போனாங்க?”

“அவரு மாத்தி மாத்திப் பேசினாரு.”

“நீங்களும்தான் மாத்தி மாத்திப் பேசுனீங்க. நான் போலீசக் கூப்புட்டனா?”

முன்சீட்டுப் பெண் திரும்பிப் பார்த்தாள். நான் கைப்பையின் வாரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். லாரியை ஓரம் தள்ளி, பஸ் கிளம்பி, அரியலூர் வந்து இறங்கும்வரை அவள் சன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். தங்கை வீட்டில் எல்லோரோடும் சிரித்துப் பேசினாள். எனக்குச் சோறு போட்டாள். போதுமா என்று கேட்கவில்லை. மன்னிப்புக் கேட்க ஒரு தனி இடம் தேடிக்கொண்டே இருந்தேன். கடைசியில் திரும்பும் பஸ்சுக்காக நிற்கும்போது, ஆட்கள் நடுவிலேயே சொன்னேன். செய்தது தப்பு, பொய் சொன்னது அதைவிடத் தப்பு என்றேன்.

“சரி” என்றாள். பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு, “மொதல்லேந்து ஆரம்பிக்கறேன். டிவியில தெரியக்கூடாது. நீங்களும் வாயத் தொறக்கக்கூடாது” என்றாள்.

“நான் எழுதினத எடுத்துடறேன்.”

“எடுக்காதீங்க. கீழ என்ன செஞ்சீங்கன்னு எழுதுங்க. படிக்கறவங்களுக்கும் தெரியட்டும்.”

எழுதினேன். மனைவியின் ஆட்டத்தை அவளுக்குத் தெரியாமல் முடித்ததையும், மாடி ஏறாமலே தீர்ப்புச் சொன்னதையும் எழுதினேன். என் முதல் கருத்தைப் படித்தவர்களைவிட இதைப் படித்தவர்கள் அதிகம். திட்டினார்கள், சிலர் சிரித்தார்கள். உங்கள் மனைவி இப்போது எந்த அறையில் இருக்கிறார் என்று ஒருவர் விசாரித்தார். எதிர்வீட்டுக்காரருக்கும் விஷயம் போய்விட்டது. “சார், போன் பக்கம் மட்டும் போவாதீங்க. அப்பறம் நாந்தான் உள்ள போவணும்” என்று தெருவில் வைத்தே சொல்கிறார்.

அவள் மீண்டும் காலையில் மாட்டிக்கொள்ள ஆரம்பித்தாள். டிவி அணைந்திருக்கும். அவள் கைகள் காற்றில் எதையோ திறக்கும், மூடும். சில சமயம் தனக்குள் சிரிப்பாள். என்னவென்று கேட்க மாட்டேன். பயிற்சிகளை ஒழுங்காகச் செய்ய ஆரம்பித்து, கோடை முடிவதற்குள் தெருமுனைக் கடைவரை நடந்தே போய்வந்தாள். அங்கே போய்வந்து, பிறகு விடுதிக்குப் போனாள்.

போன வாரம் ஒருநாள் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, “முடிஞ்சுடுச்சு” என்றாள்.

“யாரு?” வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

“சொல்ல மாட்டேன். நான் சொன்னது சரியா இல்லையான்னு எனக்கே தெரியல. வேணும்னா நீங்க போய்ப் பாருங்க.” ஹெட்செட்டை என்னிடம் நீட்டினாள். “ஆனா ஒரே ஒரு கண்டிசன். தொறந்தா மூடணும்.”

புதிதாக ஆரம்பித்தேன். விடுதி வாசலில் மழை பெய்துகொண்டிருந்தது. அன்று வேகமாகக் கடந்துபோன அந்த வாசலில் ஒரு நாய் படுத்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன். அது எழுந்து மோந்து பார்த்தது. அதற்கு என்னைத் தெரியவில்லை. அது எனக்கு ஆறுதலாகவே இருந்தது.

“எங்க இருக்கீங்க?” என்று வெளியிலிருந்து அவள் குரல் கேட்டது.

“இன்னும் வாசல்லதான்.”

“சரி, இருங்க” என்றாள். அவள் காப்பி போட எழுந்து போகும் காலடிச் சத்தம் கேட்டது.