கார்டிங் ரூம் கதவும் என் ஃபைல் ஸ்ட்ரக்சரும்

எண்பதுகளின் பின்பாதியில் திருத்தணிக்கு வெளியே ஒரு நூற்பாலையில் கம்ப்யூட்டர் வாங்கினார்கள். பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் ரூமில் யாரோ பீடி பிடித்துப் பஞ்சு பற்றிக்கொண்டதால் இன்ஷூரன்ஸ்காரர்கள் கெடுபிடி செய்திருந்தார்கள். யார் எந்த அறைக்குள் போகலாம் என்று கம்ப்யூட்டர் சொல்ல வேண்டும், அது சொன்னால்தான் கதவு திறக்க வேண்டும் என்பது ஏற்பாடு. மெட்ராஸில் நான் வேலை பார்த்த சின்ன கம்பெனி அதை எழுதித்தர ஒப்புக்கொண்டு என்னை ரயிலேற்றிவிட்டது. அதற்குமுன் நான் எழுதியது ஒரே ஒரு சம்பளப் பட்டியல் புரோகிராம்.

முதல் வாரம்

எந்த விவரத்தை எங்கே வைப்பது என்ற அமைப்பை இன்று ஸ்கீமா என்கிறீர்கள். நாங்கள் ஃபைல் ஸ்ட்ரக்சர் என்போம். ஆள் ஃபைலில் டோக்கன் நம்பர், பெயர், டிபார்ட்மென்ட். கதவு ஃபைலில் கதவும் அதன் டிபார்ட்மென்ட்டும். இரண்டு டிபார்ட்மென்ட்டும் பொருந்தினால் அனுமதி. இதில் குழப்பத்துக்கு என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

நூற்பு வேலைக்கெல்லாம் பொறுப்பான ஸ்பின்னிங் மாஸ்டர் என் தாளைப் பார்த்துவிட்டுக் கேட்டார். "முனியம்மாவ எதுல போடுவ?"

"அவங்க எந்த டிபார்ட்மென்ட் சார்?"

"இன்னிக்கு கார்டிங். நேத்து ரீலிங். நாளைக்கு வேலை இருக்குதோ இல்லியோ. அது பதிலிம்மா. வராத ஆளோட எடத்துல போயி நிக்கும்."

ஆலையில் பாதிப் பேர் அப்படிப் பதிலிகள்தான். செக்யூரிட்டி ஆபீசர் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர். "பர்மனென்ட் ஆளுங்கள மட்டும் போடுங்க மேடம். பதிலிக்கு உள்ள இன்னா வேலை?" என்றார்.

"அப்ப மிஷின நீ ஓட்டுவியா?" என்றார் மாஸ்டர்.

இருவரும் சண்டை போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். நான் தாளோடு உட்கார்ந்திருந்தேன். டிபார்ட்மென்டுக்கு வைத்த கட்டத்தை, அதாவது ஃபீல்டை, அழித்தேன், மறுபடி எழுதினேன். ஒருவருக்கு ஐந்து டிபார்ட்மென்ட் ஃபீல்டு வைத்தால் எல்லாரும் எல்லா இடத்துக்கும் போகலாம் என்றாகிவிட்டது. அப்புறம் கதவு எதற்கு? கடைசியில் மூன்றாவதாக ஒரு ஃபைல் போட்டேன். தேதி, ஷிஃப்ட், டோக்கன், டிபார்ட்மென்ட். அனுமதி ஆளுக்கு அல்ல, அன்றைய வேலைக்கு. மாஸ்டர் தலையாட்டினார். எனக்கும் புரிந்த மாதிரிதான் இருந்தது.

கதவு, இரும்புக் கிராதி. அதில் மின்பூட்டு. பக்கத்து மேசையில் கம்ப்யூட்டரோடு பாஷா என்ற வாட்ச்மேன். அவர் டோக்கன் நம்பரைத் தட்டுவார். 'யெஸ்' வந்தால் ஸ்விட்சை அமுக்குவார். பஞ்சு திருட்டுப் போகிறது என்று ஆபீசர் சொன்னதால், வெளியே வருபவருக்கும் அதே சோதனையை வைத்தேன். கதவு ஒன்றுதானே என்று எனக்கு அது வித்தியாசமாகவே படவில்லை.

ஆடிக் கிருத்திகை

சோதனை ஓட்டம் ஆடிக் கிருத்திகை சமயத்தில் வந்தது. பாதிப் பேர் காவடிக்குப் போய்விட, கார்டிங்கில் எல்லாம் பதிலிகள். மத்தியானம் இரண்டு மணிக்கு ஷிஃப்ட் மாறியது. கூட்டத்தில் பஸ் நின்றுபோனதால் மாற்று ஆட்கள் வரவில்லை. மிஷினை நிறுத்த வேண்டாம், கொஞ்சம் நில்லுங்கள் என்று மேஸ்திரி சொன்னதால் காலை ஷிஃப்ட் பெண்கள் நின்றார்கள்.

சற்று நேரத்தில் முனியம்மா கிராதிக்கு உள்ளே வந்து நின்றாள். பால் குடிக்கும் குழந்தையை ஆலையின் பிள்ளைக் காப்பகத்தில் விட்டிருந்தாள். அது அழுவது எங்களுக்கே கேட்டது.

"தொற பாய். கொழந்தைக்குப் பால் குடுத்துட்டு வந்துடறேன்."

பாஷா தட்டினார். 'நோ' வந்தது. மறுபடி தட்டினார். "மேடம், இன்னா இது? இல்லன்னே வந்துகினு கீது."

நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். புரோகிராமில் தப்பில்லை. காலை ஷிஃப்டுக்கு அவள் பெயர் இருந்தது, மத்தியான ஷிஃப்டுக்கு இல்லை. எல்லாம் சரியாக இருந்தது. அவள் மட்டும் உள்ளே இருந்தாள்.

"ரெண்டாம் ஷிஃப்ட்ல இவங்க பேரைச் சேர்த்துடட்டுமா?" என்றேன்.

"சேத்தா அந்த எடத்துக்கு வர்ற ஆள உள்ள விடாதே?" என்றார் ஆபீசர். அதுவும் உண்மைதான். ஓர் இடத்துக்கு ஒரே ஆள் என்று நான்தான் விதி வைத்திருந்தேன். எதைத் தொட்டாலும் இன்னொன்று இடித்தது. எனக்கு அழுகை வரும்போல் இருந்தது.

"ஆர்டர் இல்லாம தொறந்தா என் வேலை பூடும்மா," என்று பாஷா முனியம்மாவிடம் சொன்னார். அவள் மார்பில் புடவை நனைந்திருந்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அந்த நேரம் பார்த்து கரென்ட் போனது.

ஸ்கிரீன் அணைந்தது. மிஷின்களின் இரைச்சல் அடங்கியது. உள்ளே இருட்டு. பாஷா இப்போது யாரையும் கேட்காமல் ஸ்விட்சை அமுக்கினார். கரென்ட் இருந்தால்தானே பூட்டு திறக்கும்? "கருகுற வாசன வருது!" என்று உள்ளிருந்து ஒரு குரல். பெண்கள் எல்லாரும் கிராதியில் வந்து மோதினார்கள். முனியம்மா கம்பிகளுக்கு நடுவில் நசுங்கினாள். பாஷா கடப்பாரை கொண்டுவந்து பூட்டை நெம்பினார். ஆபீசரும் சேர்ந்து தொங்கினார். பூட்டு பிய்ந்து விழுந்தது.

தீயெல்லாம் இல்லை. ஒரு மிஷினின் பெல்ட் கருகியிருந்தது, அவ்வளவுதான். முனியம்மா யாரையும் பார்க்காமல் காப்பகத்துக்கு ஓடினாள்.

மறுநாள் கூட்டம். கதவுக்கு உட்புறம் கைப்பிடி வைக்க வேண்டும், வெளியே வர கம்ப்யூட்டரைக் கேட்கக்கூடாது என்றேன். "அப்ப பஞ்சு போனா யாரு பொறுப்பு?" என்றார் ஆபீசர்.

"பஞ்சு போனா வாங்கிக்கலாம்யா," என்றார் மாஸ்டர்.

ஸ்ட்ரக்சரைப் பிரித்தேன். நுழைவதற்குத்தான் அனுமதி. வெளியேறுவதைக் குறித்துக்கொள்வதோடு சரி. அப்போதும் குழப்பம் தீரவில்லை. பூட்டை உடைத்து வந்தவர்களுக்கு வெளியேறிய பதிவே இல்லாததால், கம்ப்யூட்டர் கணக்கில் முனியம்மா வெகுநாள் கார்டிங் ரூமிலேயே இருந்தாள். நான்தான் கையால் ஒரு பதிவு போட்டு அவளை வெளியே அனுப்பி வைத்தேன்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களிடம் நான் ஒன்றுதான் சொல்வேன். யாரை உள்ளே விடுவது என்பதில் மாஸ்டர் ஒன்று சொல்வார், ஆபீசர் ஒன்று சொல்வார், நீங்களும் குழம்புவீர்கள். பரவாயில்லை, குழம்புங்கள். உள்ளே இருப்பவர் வெளியே வருவதில் மட்டும் குழப்பத்துக்கு இடம் வைக்காதீர்கள். தாளில் முதல் கோடு அதற்காக இருக்கட்டும்.