தேத்தண்ணிக்கு முன் தராசு

இணையத்தில் நகை வாங்கி ஏமாற்றுகிறவனை எல்லாரும் ஒரே மாதிரித்தான் கற்பனை செய்கிறார்கள். இருட்டு அறை, வெளிநாட்டு நம்பர், பொய்ப் பெயர். எனக்கு வாய்த்தவர் வெள்ளைச் சாரனும் வெள்ளைத் தாடியுமாக, அஸர் தொழுத கையோடு, என் வீட்டுக் கேற்றைத் திறந்து வாய் நிறைய ஸலாம் சொல்லிக்கொண்டு வந்தார். நான் அவருக்கு வட்டிலப்பம் கொடுத்தேன். அதுவும் இரண்டு துண்டு.

கல்முனைப் பக்கம் வீட்டிலிருந்தபடியே பழைய நகை விற்றுக் கொடுக்கிறவள் நான். நகைகள் என்னுடையவை அல்ல. எங்கள் பெண்கள் நகை வாங்கப் போகும்போது குடும்பமாக, வேன் பிடித்துப் போவார்கள். விற்கப் போவதென்றால் மட்டும் உயிர் போகும். ஒருத்தி கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தனியாக நகைக்கடைக்குள் நுழைந்தால் போதும், அவள் வெளியே வருவதற்குள் அவள் வீட்டில் என்ன கஷ்டம் என்று தெரு முடிவு செய்துவிடும். இந்த வெட்கத்தில்தான் என் தொழில் ஓடுகிறது. அபாயாவுக்குள் மறைத்துக் கொண்டுவந்து தருவார்கள். நான் படம் எடுத்து என் பேஸ்புக் பக்கத்தில் போடுவேன், யாருடையது என்று சொல்லமாட்டேன், விற்றால் எனக்கும் ஒரு சிறு பங்கு.

இந்தக் கதைக்குக் காரணமான கழுத்து அட்டியல் அடுத்த தெருவில் இருக்கும் ஒருத்தியுடையது. எங்கள் ஊரில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கல்யாணம். அவளுடைய மகளுக்கு மாப்பிள்ளை பேசி முடிந்து, வீடும் சுவர் மட்டத்துக்கு எழும்பிக் கூரையில்லாமல் நின்றது. கூரை போட்ட பிறகு நிக்காஹ்வுக்கு நாள் குறிக்கலாம் என்று மாப்பிள்ளை வீட்டார் பெருந்தன்மையோடு சொல்லியிருந்தார்கள். சொன்னதோடு நிற்காமல், வெள்ளிக்கிழமைகளில் வந்து சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, தேத்தண்ணியும் குடித்துவிட்டுப் போனார்கள். இத்தனைக்கும் அவர்கள் ஒரு கல் தூக்கி வைத்ததில்லை.

மூன்று பவுண் அட்டியல், ஏழு சிவப்புக் கல். இடமிருந்து மூன்றாவது கல் எப்போதோ விழுந்து வேறு கல் வைத்தது, மற்றவற்றைவிட வெளிறிப்போனது. அதை மறைக்காமல் எழுதித்தான் பக்கத்தில் போட்டேன். அடுத்த நாளே ஒரு பெண் வட்ஸ்அப்பில் குரல் அனுப்பினாள். முகப்படத்தில் கஃபா. ஸலாம், ஸலவாத்து, என் பிள்ளைகளுக்கு துஆ எல்லாம் முடிந்து விஷயத்துக்கு வர இரண்டு நிமிஷம் ஆனது.

"ராத்தா, மகள்ற கலியாணத்துக்குத்தான். அந்த மூணாவது கல்லுக்காக விலையில கொஞ்சம் பாத்துச் செய்ங்க, அல்லாஹ்வுக்காக. முழுக்காசும் இப்பவே போடுறன். ஆனா மாப்பிள்ளைட உம்மாக்குக் காட்டணும். அவவுக்குப் பிடிக்கல்லெண்டா ஒரு கிழமைக்குள்ள திருப்பித் தாறன்."

இதற்குப் பெயர் பார்வைக்கு எடுப்பது. எங்கள் ஊர் நகைக்கடைகளில் காலாகாலமாக உண்டு. கடைக்கு வராத பெண்களுக்காக ஆண்கள் நகையைப் பெட்டியோடு வீட்டுக்கு எடுத்துப்போய்க் காட்டிவிட்டு, பிடித்ததை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பிக் கொடுப்பார்கள். கடைக்காரருக்கு அந்த வீடு தெரியும், வாப்பாவைத் தெரியும், எந்தப் பள்ளியில் எந்த வரிசையில் நின்று தொழுகிறவர் என்றுகூடத் தெரியும். எனக்குத் தெரிந்ததோ ஒரு கஃபா படம். இருந்தும் நான், பெரிய கெட்டிக்காரி, ஓம் என்றேன். காசுதான் முழுதாக வந்துவிட்டதே.

அனுப்பும்போது நான் செய்த ஆரவாரத்தைப் பார்த்திருக்க வேண்டும். தராசில் வைத்து வீடியோ, கல் கல்லாகக் கிட்டக் காட்டி வீடியோ, பெட்டியை ஒட்டும்போது வீடியோ. கூரியர்காரரின் கையைக்கூட விடவில்லை. போகிற வழிக்கெல்லாம் பூட்டுப் போட்டேன். வருகிற வழியை வட்டிலப்பத்தோடு திறந்து வைத்திருந்தேன்.

ஆறாம் நாள் அந்த வெள்ளைத் தாடி ஹாஜியார் வந்தார். குரல் அனுப்பியவளுடைய வாப்பா. சம்பந்திக்குப் பிடிக்கவில்லையாம், சங்கடத்தோடு சொன்னார். பெட்டியைத் திறந்து ஒரு கணம் காட்டினார். சிவப்புக் கற்கள் மின்னின. தராசு பக்கத்து மேசையில்தான் இருந்தது. ஆனால் வாப்பாவின் வயதில் ஒரு மனிதர், வீடு தேடி வந்து உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்கும்போது, அவர் கண் முன்னால் அவர் கொண்டுவந்ததை நிறுத்துப் பார்ப்பதா? முகத்தில் அறைந்த மாதிரி இருக்குமே. எங்களுக்கு மரியாதை அப்படி ஊட்டப்பட்டிருக்கிறது. அவர் இரண்டாவது துண்டை எடுக்கும்போதே போனிலிருந்து காசை முழுவதும் திருப்பி அனுப்பிவிட்டேன். எனக்கு துஆச் செய்துவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு நிறுத்தேன். பாதி நிறைகூட இல்லை. விளக்கடியில் பிடித்துப் பார்த்தேன். ஏழு கல்லும் ஒரே சிவப்பு, ஒரு குறையுமில்லை. கவரிங். மூன்றாவது கல்லைச் சொல்லி விலை குறைக்கத் தெரிந்தவளுக்கு, போலி வாங்கும்போது அந்தக் கல்லின் ஞாபகம் வரவில்லை. எனக்கு வந்தது கோபம் என்றுதான் அன்று நினைத்தேன், உண்மையில் அது பயம்.

வாங்கியவளுக்குப் போன் எடுத்தேன். "நீங்க அனுப்பினதத்தான் நாங்களும் அனுப்பின, ராத்தா. எங்கட வாப்பா மூணு ஹஜ் செஞ்சவரு. வாய்க்கு வந்தத கதைக்காதீங்க" என்றாள். அதோடு என் நம்பரைத் தடுத்துவிட்டாள்.

என் காக்காவிடம், மூத்த சகோதரரிடம், சொன்னேன். நான் அனுப்பியதற்கு வீடியோ உண்டு, எனக்கு வந்ததற்கு என்ன சாட்சி என்று கேட்டார். பிறகு, "சபூர் செய், பொறுமையா இரு" என்றார். இந்தச் சபூரைக் கவனித்திருக்கிறேன். எடுத்தவனிடம் யாரும் இதைச் சொல்வதில்லை. எப்போதும் பறிகொடுத்தவள் வீட்டு வாசலில்தான் கொண்டுவந்து இறக்குவார்கள்.

அட்டியல்காரியிடம் சொல்ல எனக்கு இரண்டு நாள் பிடித்தது. அவள் அழுவாள், ஏசுவாள் என்று ஆயத்தமாகப் போனேன். கூரையில்லாத வீட்டுக்குள், சீமெந்து மூட்டையின்மேல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நீங்க நிறுக்கல்லியா, ராத்தா?"

"வந்தவரு வயசாளி, தங்கச்சி. முன்னால வெச்சி எப்பிடி நிறுக்கிற?"

அவள் எழுந்து உடுப்பில் ஒட்டிய சீமெந்துத் தூசியைத் தட்டினாள். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பிறகு மூன்று கிழமை கழித்து, மணப்பெண் அலங்காரம் செய்கிற ஒருத்தியின் பக்கத்தில் ஒரு படம் கண்டேன். எங்கள் பக்கத்தில் மணப்பெண் முகத்தை வெளியில் காட்டமாட்டோம். அலங்காரக்காரிக்கோ தன் கைவேலையைக் காட்டாமல் முடியாது. அதனால் முகத்தின்மேல் ஒரு ரோசாப்பூவை ஒட்டிவிட்டு, கழுத்தையும் கையையும் பளிச்சென்று போடுவார்கள். அந்த ரோசாப்பூவுக்குக் கீழே, ஏழு கல் அட்டியல். மூன்றாவது கல் வெளிறியிருந்தது. மகளின் முகத்தை அவ்வளவு கவனமாக மறைத்த குடும்பம், களவைக் கழுத்தில் போட்டு ஊருக்கே காட்டியிருந்தது. நான் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். அவ்வளவு கசப்பாக நான் சிரித்ததில்லை.

காக்காவின் போனிலிருந்து என் படத்தையும் அந்தப் படத்தையும் என் நம்பரைத் தடுத்தவளுக்கு அனுப்பிக் குரலும் அனுப்பினேன். "நாளைக்குப் பகல் லுஹர் தொழுகைக்குள்ள அட்டியல் வரல்லெண்டா, இந்த ரெண்டையும் பக்கத்தில பக்கத்தில வெச்சி என்ட பக்கத்தில போடுவன். புள்ளட முகத்த நானும் மறைச்சித்தான் போடுவன், பயப்படாதீங்க."

மறுநாள் காலை பத்து மணிக்கே ஹாஜியார் வந்தார். இந்த முறை துஆ இல்லை. நான் தராசை முன்விறாந்தை மேசையில் வைத்துவிட்டுத்தான் கதவைத் திறந்தேன்.

"என்ன மகள், எங்கள்ல நம்பிக்கை இல்லியா?"

"இல்ல, ஹாஜியார்."

இந்த இரண்டு சொல்லைச் சொல்ல எனக்கு நாற்பத்தேழு வயதாக வேண்டியிருந்தது. கல்லைப் பார்த்தேன், நிறுத்தேன், உரசிப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எல்லாம் பொம்புளயள் பாத்த வேல. எனக்கு ஒண்டும் தெரியா" என்றார். கவரிங்கை அதன் பெட்டியோடு அவர் கையில் கொடுத்தேன். "நம்பித் தந்த பொருள், உங்கட அமானிதம்" என்றேன். தேத்தண்ணி கொடுக்கவில்லை.

அன்று பின்னேரமே அட்டியல்காரியைக் கூப்பிட்டேன். வெற்றிக் களிப்பில் இருந்தேன். நடந்ததை நடித்தே காட்டினேன். சீனி கூடப் போட்டுத் தேத்தண்ணி ஊற்றி, பக்கத்தில் அட்டியல் பெட்டியை வைத்தேன். அவள் பெட்டியைத் திறந்து, மூன்றாவது கல்லை விரலால் தடவினாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"குறை நினைக்காதீங்க, ராத்தா. அந்தத் தராச ஒருக்காத் தாங்களன்."

கொடுத்தேன். அவள் நிறுத்தாள். இலக்கம் நின்று நிலைக்கும்வரை கண்ணை எடுக்கவில்லை. நிறை சரியாக இருந்தது. செய்யவேண்டிய காரியத்தைத்தான் செய்தாள், ஒரு பிழையுமில்லை. ஆனாலும் எனக்கு முகம் சுட்டது.

"இனி நானே கடைக்குக் கொண்டு போறன்" என்றாள். "பாக்கிறவங்க பாக்கட்டும். நாளைக்கு ஓடு ஏத்த ஆள் வருது."

அட்டியலைக் கைப்பையில் போட்டாள். அதை இறுக்கிப் பிடிக்காமல், தோளில் சும்மா தொங்கவிட்டுக்கொண்டு கடைத்தெருப் பக்கம் நடந்தாள். அவளுக்கு ஊற்றிய தேத்தண்ணி அப்படியே இருந்தது.