கம்பத்தின் மேல் ஒரு மடி

பிள்ளைகளா, எனக்குக் காது குத்திய போட்டோவைப் பார்த்துவிட்டு, "யாருப்பா இந்தப் போலீஸ்காரர், அவர் மடியில ஏன் மொட்டத் தலையோட உக்காந்திருக்க?" என்று கேட்டீர்கள். அவர் போலீஸ் இல்லை. என் தாய்மாமா. கரண்டு ஆபீசில் லைன்மேன். பட்டு வேட்டியில் வரவேண்டிய மனுஷன் காக்கியில் வந்த கதையைச் சொல்கிறேன், கேளுங்கள்.

அப்போது எனக்கு ஏழு வயது. வேப்பந்தட்டைப் பக்கம் எங்கள் ஊர். காதுகுத்துக்கு நாள் குறித்து, சொந்தபந்தத்துக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது. அந்த நேரம் பார்த்துப் புயல் வந்தது. காட்டில் நின்ற மக்காச்சோளம் மொத்தமும் படுத்துவிட்டது. எங்கள் தெரு முனையில் இருந்த புளியமரம் கரண்டுக் கம்பியின் மேல் சாய்ந்து, கம்பத்தையும் இடுப்போடு ஒடித்துவிட்டது. மோட்டார் ஓடவில்லை. டேங்கில் தண்ணீர் இல்லை. அடிபம்பில் குடத்துக்குக் குடம் சண்டை.

எங்கள் வீட்டில் அதைவிடப் பெரிய கவலை, மடி. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். அம்மாவுக்குக் கூடப்பிறந்தவர் அவர் ஒருவர்தான். அவரையோ புயலடித்த நாளிலிருந்து ஊர் ஊராகக் கம்பம் நட அனுப்பிக்கொண்டிருந்தார்கள். லீவு கிடையாது. எந்த ஊரில் இருக்கிறார் என்று கேட்டுச் சொல்லவும் ஆள் இல்லை.

காதுகுத்து அன்று குலசாமி கோயிலில் மொட்டை அடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். பந்தலில் காது குத்துகிற ஆசாரி தயாராக உட்கார்ந்திருந்தார்.

"மடி எங்கப்பா?" என்றார்.

"வரும், வரும்" என்றார் அப்பா, ரோட்டைப் பார்த்துக்கொண்டே.

வந்தது. கம்பம் ஏற்றிய லாரியில், கம்பத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டு வந்தது. எங்கள் தெரு வேலைக்கே மாமாவை அனுப்பியிருக்கிறார்கள்! நாங்கள் சின்னப் பிள்ளைகள் எல்லாம் லாரிக்குப் பின்னால் ஓடினோம். என் மொட்டைத் தலையில் பூசிய சந்தனம் வியர்வையில் கண்ணுக்குள் இறங்கியது. நான் நிற்கவில்லை.

"ஏன் மாப்ள, சீர் கொண்டான்னா கம்பத்த கொண்டாந்திருக்க?" என்றார் அப்பா.

"பவுனா கேட்டா எங்க போவேன் மாமா. இது நல்லா நீளமா இருக்கு, வச்சுக்கங்க" என்றார் மாமா. பந்தலே சிரித்தது.

விருந்துக்கு வந்த ஆண்கள் மொத்தப் பேரும் கயிறு பிடித்தார்கள். கம்பம் பாதி எழுந்தது, நின்றது, ஆடியது. "சித்தப்பா, வேட்டிய வுட்டுட்டுக் கயித்த புடிங்க" என்று மாமா கத்தினார். ஒரு கையில் வேட்டியைப் பிடித்திருந்த அவருடைய சித்தப்பா அதை விட்டார், கம்பம் குழிக்குள் நேராக இறங்கியது. ஊரே கை தட்டியது, எதற்குத் தட்டியது என்று தெரியாது.

பிறகு மாமா டிரான்ஸ்பார்மரில் இருந்து பியூஸ்களைப் பிடுங்கித் துண்டில் முடிந்து, அம்மாவிடம் கொடுத்தார். "அக்கா, இத இடுப்புல சொருகிக்க. நானா வந்து கேட்டாத்தான் குடுக்கணும். கலெக்டரே வந்து கேட்டாலும் குடுக்காத."

அதோடு விடவில்லை. ஒரு இரும்புச் சங்கிலியைக் கம்பிகளின் மேல் வீசித் தொங்கவிட்டு, அதன் மறுமுனையைத் தரையில் அடித்த இரும்பில் கட்டினார், தப்பித் தவறிக் கம்பியில் கரண்டு வந்தாலும் மண்ணுக்குள் இறங்கிவிடும்படி.

"பியூஸ்தான் அம்மாகிட்ட இருக்கே மாமா?" என்றேன்.

"இருக்கட்டும்டா. சாமி கும்புட்டுட்டு பஸ் ஏறுறதில்ல? அந்த மாதிரி" என்று சொல்லிவிட்டு ஏறினார்.

மேலே கம்பி இழுத்துக் கட்டுகிற வேலை நீண்டுகொண்டே போனது. "நல்ல நேரம் போவுது" என்றார் ஆசாரி. அப்பாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாடகைக்கு எடுத்த ஜெனரேட்டர் ஒன்று சும்மா கிடந்தது. "பாட்டு இல்லாம விசேஷ வூடு மாதிரியா இருக்கு? போடுப்பா. வூட்டு லைட்டும் சேந்து எரியட்டும்" என்றார். மைக்செட்காரர் ஜெனரேட்டர் வயரை எங்கள் மீட்டர் பெட்டியில் கொடுத்தார். பியூஸைப் பிடுங்கியாகிவிட்டது, நம் ஜெனரேட்டர் நம் வீட்டோடு என்பது அப்பாவின் கணக்கு. வீட்டுக்குள் விட்ட கரண்டு அதே வயர் வழியாக வெளியே போய், மாமா கை வைத்திருக்கும் கம்பியிலேயே ஏறும் என்று அங்கே இருந்த ஒருவருக்கும் தோன்றவில்லை.

டமார் என்று ஒரு சத்தம். சங்கிலி தொங்கிய இடத்தில் நீல வெளிச்சம் சீறியது. பொறி பொறியாகக் கொட்டியது. ஜெனரேட்டர் இருமிவிட்டு நின்றுபோனது. நாங்கள் விசில் அடித்தோம். எனக்காக மாமா வெடி விட்டிருக்கிறார்! "இன்னொண்ணு மாமா" என்று கத்தினேன்.

மாமா கம்பத்தைக் கட்டிப்பிடித்தபடி அப்படியே இருந்தார். அம்மா இடுப்பு முடிச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கம்பத்தடிக்கு ஓடினாள். மெதுவாக இறங்கிய மாமா, யாரையும் பார்க்காமல் வீட்டுக்குள் போய் அந்த வயரைப் பிடுங்கிப் போட்டார்.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம் மாமா" என்றார். அவ்வளவுதான்.

காலையிலிருந்து கேலி பேசிய அப்பா தோள் துண்டைக் கையில் எடுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு ஜெனரேட்டர் நின்றதற்கா இப்படி என்று எனக்கு ஆச்சரியம்.

"மடி வந்துச்சுல்ல, உக்காருப்பா" என்றார் ஆசாரி. கை கழுவிக்கொண்டு காக்கியோடே மாமா உட்கார்ந்தார். என்னை மடியில் ஏற்றினார்கள். அவர் முழங்கால்கள் தையல் மிஷின் மாதிரி ஆடின. "ஆட்டாதப்பா, ஊசி எக்குத்தப்பா எறங்கிடும்" என்று ஆசாரி அதட்டியும் நிற்கவில்லை.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவ்வளவு பெரிய கம்பத்தில் ஏறுகிற மாமா இந்தத் துளியூண்டு ஊசிக்குப் பயப்படுகிறாரே! "பயப்படாத மாமா, எறும்பு கடிக்கிற மாதிரிதானாம்" என்று அவர் காதில் சொன்னேன். அவர் என் மொட்டைத் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். நான் அழவில்லை. அம்மாதான் அழுதாள். என் காதுக்காக என்று நினைத்துக்கொண்டேன்.

மறுபடி ஏறி மீதி வேலையை முடித்து, சங்கிலியையும் எடுத்துவிட்டு, அம்மாவிடம் பியூஸை வாங்கிக்கொண்டு போய் மாமா கரண்டு விட்டதும் தெரு முழுக்க "ஓ" என்று ஒரே கூச்சல். ஆளாளுக்கு மோட்டார் போட ஓடினார்கள். பாட்டும் பாடியது. அப்பா தன் கையாலேயே மாமாவுக்கு இலை போட்டுச் சோறு போட்டார். மாமா பாதியில் எழுந்து, உள்ளறையில் பாயை விரித்துப் படுத்துவிட்டார்.

எல்லோரும் பந்தலில் இருந்தபோது நான் மட்டும் உள்ளே போய்ப் பார்த்தேன். தூக்கத்திலும் அந்த முழங்கால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. என் காதுக்குப் போட அம்மா கிண்ணத்தில் குழைத்து வைத்திருந்த மஞ்சளெண்ணெயை விரலில் தொட்டு, அவர் எழுந்துவிடாமல், இரண்டு முழங்காலிலும் காக்கிக்கு மேலேயே தடவி ஊதிவிட்டேன்.