பிஸ்கட் அட்டையில் வந்த இங்கிலீஷ்

பிஸ்கட் அட்டையில் ஏறியிருந்த காப்பி வாசனை இப்போது நினைவுக்கு வந்தாலும் என்னைச் சும்மா உட்காரவிடுவதில்லை. ஸ்ரீராம்புரத்தில் எங்கள் ஒற்றை அறை வீட்டுக்கு மாலையில் திரும்பியதும் அப்பா சட்டைப்பையிலிருந்து ஓர் அட்டைத்துண்டை எடுத்து நீட்டுவார்; அலுவலகத்தில் அதிகாரிகளின் "மீட்டிங்"குக்குக் காப்பி கொண்டுபோகும்போது காதில் விழுந்த இங்கிலீஷ் தொடர்களை மறந்துவிடாமல் அதில் தமிழ் எழுத்தில் கிறுக்கி வைத்திருப்பார். "பீஸ் ஆஃப் கேக்", "அண்டர் தி வெதர்" என்று அவர் வாசிக்க, ஏழாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த நான் இலக்கணக் கையேட்டைப் புரட்டி, ரொம்பச் சுலபமான வேலை, உடம்பு சரியில்லை என்று பொருள் சொல்வேன். கேக்குக்கும் வேலைக்கும் என்ன சம்பந்தம் என்று அவர் சிரிப்பார். எனக்கோ தலைக்கனம் ஏறும்.

ஒருநாள் "ஹெட்ஸ் வில் ரோல்" வந்தது. அதே வாரம்தான் ஊரைத் தாண்டித் தொலைவிலிருந்த அத்திபெலேயில் மாமா தன் கம்பெனி ஸ்டோரில் அப்பாவுக்கு ஒரு வேலை பார்த்து வைத்திருந்தார். அப்பா அதற்குப் போனால் வீட்டைக் காலி செய்யவேண்டும், நான் பள்ளியையும் சிநேகிதிகளையும் விட்டுப் போகவேண்டும். கையேட்டில் தெளிவாகவே இருந்தது: சிலருக்கு வேலை போகப்போகிறது.

"என்ன கண்ணு, ஸ்வல்ப பாத்து சொல்லு. மாமாவுக்கு நாளைக்கு பதில் சொல்லணும்," என்றார் அப்பா, வழக்கம்போலக் கன்னடம் கலந்து.

"பெரிய ஆபீசருங்களுக்குத்தான் வேலை போகும். உனக்கு ஒண்ணும் ஆகாதுப்பா," என்றேன்.

அவர் மாமாவிடம் வரவில்லை என்று சொல்லிவிட்டார். அதன்பிறகு அவர் வீடு திரும்பும் நேரமெல்லாம் வாசலுக்கும் அடுப்புக்குமாக நடந்துகொண்டேயிருப்பேன், "ஒரு எடத்துல உக்கார மாட்டியாடி" என்று அம்மா அதட்டுவாள். மூன்றாம் மாதம் காப்பி கொடுப்பவர்களைத்தான் முதலில் வேலையைவிட்டு அனுப்பினார்கள், பிறகே சில அதிகாரிகளை. அத்திபெலேயில் அதற்குள் வேறு ஆள் சேர்ந்துவிட்டார். அப்பா பெயிண்ட் அடிக்கப் போய், ஏணியிலிருந்து விழுந்து, இன்றும் இடது காலை இழுத்துத்தான் நடக்கிறார்.

என் ஐ.டி. அலுவலகத்தில் இப்போது காப்பியை மிஷின் ஊற்றுகிறது. தட்டோடு நின்று காதுகொடுக்க ஆளில்லை, அட்டையில் எழுதிக்கொண்டு வந்து அர்த்தம் கேட்கவும் யாருமில்லை. போன வாரம் மீட்டிங்கில் மேனேஜர் அதே "ஹெட்ஸ் வில் ரோல்" தொடரைச் சிரித்துக்கொண்டே சொன்னார். இன்றைக்காவது அப்பாவிடம் உண்மையைச் சொல்லிவிடவேண்டும் என்று வேகமாக வீட்டுக்கு வந்தேன். உள்ளே அவர் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "எம் பொண்ணு அப்பவே கரெக்டா அர்த்தம் சொன்னா, ஆபீசருங்களும் போனாங்க இல்ல? நம்ம நேரந்தான் சரியில்ல."

நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பவும் தெருவில் இறங்கி நடந்தேன்.