மூன்றாம் தண்ணிக்கு முன்னால்

அந்த அட்டையைக் கிழித்தது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் அத்தையைப் பற்றி எழுத எழுத, என்னையும் கொஞ்சம் நல்லவளாகக் காட்டிக்கொள்ளும் ஆசை வந்துவிடும்.

அத்தையின் பெயர் முனீஸ்வரி. அப்பாவின் தங்கை, வயது நாற்பத்திரண்டு. சோழபுரத்தில் எங்கள் வீட்டின் பின்னறையில் இருக்கிறாள். தினமும் காலை எட்டு மணிக்கு டவுன் பஸ் பிடித்து இராஜபாளையம் போகிறாள். காயத்துக்குக் கட்டும் துணி செய்கிற ஒரு கம்பெனியில் செக்கிங் மேசை அவளுடையது. வெளுத்து வரும் துணியை விரித்து, கறை, நூல் அறுந்த இடம், மஞ்சள் பூத்த இடம் பார்க்கிற வேலை. ஒரு கட்டு தேறவில்லையென்றால் அதில் சிவப்பு நாடா கட்டித் தனியே வைத்துவிடுவார்கள். சிவப்பு நாடா கட்டிய கட்டு மறுபடி மேசைக்கு வராது. முதலாளியே வந்து சொன்னாலும் அத்தை அதை அவிழ்க்க மாட்டாள் என்று கம்பெனியில் ஒரு பேச்சு உண்டு.

மாமா இறந்த வருடம்தான் அத்தைக்கும் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. அப்போதிருந்து பதினோரு வருடமாக ஒருநாள் தவறாமல் மாத்திரை சாப்பிடுகிறாள். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் தெரியும். நான் கல்லூரியில் இரண்டாம் வருடம் வேதியியல் படிக்கும்போது டப்பாவின் மேல் இருந்த பெயரை வைத்து நானாகவே தெரிந்துகொண்டேன். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அந்தப் படிப்பால் வீட்டுக்குள் நான் கண்டுபிடித்த முதல் விஷயம் இதுதான். ஊரைப் பொறுத்தவரை அது ரத்தக் குறைவுக்கான மாத்திரை.

இந்த வருடம் பங்குனியில் மாத்திரையை மாற்றினார்கள். சிறுநீரகத்துக்குப் பழைய மாத்திரை ஆகவில்லை என்று ரத்தப் பரிசோதனையில் வந்திருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் மாத்திரை வாங்கும் மையத்துக்கு அத்தையோடு நானும் போயிருந்தேன். அங்கே ஆலோசகராக இருக்கும் தங்கபாய் மேடம் புது டப்பாவோடு ஓர் அட்டையும் கொடுத்தார்.

“முனீஸ்வரி, நல்லாக் கேட்டுக்கோ. இதுல அபாகாவிர்னு ஒரு மருந்து இருக்கு. நூத்துக்குச் சில பேருக்கு ஒத்துக்காது. பெரும்பாலும் முதல் ஆறு வாரத்துக்குள்ள தெரிஞ்சிரும். காய்ச்சல், உடம்புல தடிப்பு, வாந்தி, தொண்டை வலி, மூச்சு வாங்குறது, இதுல ரெண்டு சேந்து வந்தா அன்னைக்கே எனக்குப் போன் பண்ணு. இந்த அட்டை எப்பவும் கையில இருக்கணும்.”

“இவ படிச்சவ மேடம், இவகிட்ட இருக்கட்டும்” என்று அத்தை அட்டையை என்னிடம் தந்தாள்.

பஸ் நிலையத்தில் எங்கள் தெரு முத்துப்பேச்சி அக்கா பால்கோவாப் பெட்டியோடு எதிரே வந்தாள். என் கையிலிருந்த அட்டையின் தலைப்பில் மையத்தின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. அவள் கிட்டே வருவதற்குள் நான்காகக் கிழித்துக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டேன். நாலு வரிதானே, மனதில் இருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். பரீட்சைக்கு மனப்பாடம் செய்ததெல்லாம் எங்கே போனதோ, அதுவும் அங்கேயே போனது.

ஒன்பதாம் நாள் அத்தைக்குக் காய்ச்சல் வந்தது. மறுநாள் கழுத்திலும் முதுகிலும் சிவப்பாகத் தடித்திருந்தது. அம்மா அத்தையின் சட்டையை விலக்கிப் பார்த்தாள். உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

மாரியம்மன் கோவிலில் கொடி ஏறி அன்றைக்கு மூன்றாவது நாள். கொடி ஏறிய ஊரில் காய்ச்சலும் தடிப்பும் ஒன்றாக வந்தால் யாரும் வேறு பெயர் சொல்ல மாட்டார்கள். வாசலில் வேப்பிலை ஏறியது. வீட்டில் தாளிப்பு நின்றது. பாயின் மேல் வெள்ளை வேட்டி விரித்து, அதன்மேல் வேப்பிலை பரப்பி அத்தையைப் படுக்க வைத்தார்கள். அம்மை கண்டவர்கள் மூன்று முறை தலைக்குத் தண்ணி ஊற்றி முடியும்வரை வாசல்படி தாண்டக்கூடாது, இங்கிலீஷ் மருந்தும் கூடாது.

எனக்கு அந்த அட்டை அப்போது நினைவுக்கு வந்ததா? பலமுறை என்னையே கேட்டுப் பார்த்துவிட்டேன். வந்தது. ஆனால் அம்மாவிடம் எதிர்த்துப் பேசி, ஏன் சொல்கிறாய், அட்டை எங்கே என்ற கேள்விக்கு வந்து நிற்பதை விட, அம்மையாகவே இருந்துவிட்டால் நல்லது என்று தோன்றியது.

அத்தை இரண்டு நாள் காலையில் அம்மாவுக்குத் தெரியாமல் மாத்திரையைப் போட்டுக்கொண்டாள். இரண்டு மணி நேரம் கழித்து ஒவ்வொரு முறையும் நடுங்கினாள், வாந்தி எடுத்தாள். இரண்டாம் நாள் மூச்சு வாங்கியது. மூன்றாம் நாள் அம்மா தலையணைக்கடியில் டப்பாவைக் கண்டுபிடித்து எடுத்து அலமாரியில் பூட்டினாள்.

“ஆத்தா வந்திருக்கையில இது எதுக்கு முனீஸு? அவ இறங்குனதும் நானே எடுத்துத் தாரேன்.”

மறுநாளே காய்ச்சல் இறங்கியது. அதற்கடுத்த நாள் அத்தை எழுந்து உட்கார்ந்து இளநீர் குடித்தாள், நீராகாரம் கேட்டாள். ஆத்தா மனம் இறங்கிவிட்டாள் என்று அம்மாவுக்குக் கண் கலங்கியது. முதல் தண்ணி ஊற்றினார்கள். இரண்டாம் தண்ணியும் ஊற்றினார்கள். மூன்றாம் தண்ணி வெள்ளிக்கிழமை என்று முடிவானது.

வியாழக்கிழமை காலையில்தான் நான் பெரிய தப்பைச் செய்யப் பார்த்தேன். மாத்திரை நாள் தவறினால் கிருமிக்கு அந்த மருந்து பழகிவிடும், பிறகு வேலை செய்யாது என்று போனில் படித்திருந்தேன். ஐந்து நாள் தவறியிருந்தது. அம்மா குழாயடிக்குப் போன நேரம் சாவியைத் தேடி எடுத்து அலமாரியைத் திறந்து டப்பாவை எடுத்து, ஒரு செம்பில் தண்ணியோடு அத்தையின் முன் போய் நின்றேன்.

“போடுங்க அத்தை. அம்மா வாரதுக்குள்ள.”

அத்தை மாத்திரையை வாங்கினாள். வாயருகே கொண்டுபோகவில்லை. கம்பெனியில் துணியை வெளிச்சத்தில் பிடிப்பது போல விரலிடுக்கில் பிடித்துப் பார்த்தாள்.

“ஏட்டி பொன்மணி, ஒரு கட்டு மஞ்சப் பூத்து வந்தா நாங்க முதல்ல என்ன கேப்போம் தெரியுமா?”

“அத்தை, அம்மா வந்துருவா.”

“வரட்டும். என்ன மாறுச்சுன்னு கேப்போம். தண்ணி மாறுச்சா, ஆள் மாறுச்சா, வெளுக்குற பவுடர் மாறுச்சான்னு. எனக்கு என்ன மாறுச்சு? அதே சோறு, அதே பஸ்ஸு, அதே மேசை. இது ஒண்ணுதான் மாறுச்சு. இதத் தின்ன அன்னைக்கெல்லாம் செத்துப் பொழச்சேன். உங்க அம்மா பூட்டி வச்சா, ரெண்டே நாள்ல எந்திரிச்சு உக்காந்துட்டேன். இன்னொண்ணும் பாரு.” கழுத்தைத் திருப்பிக் காட்டினாள். “அம்மைன்னா நீர் கோத்து முத்து வைக்கணும்ல. எங்க இருக்கு?”

இல்லை. வெறும் தடிப்பு, அதுவும் மங்கிக்கொண்டிருந்தது. ஒரு வாரமாக ஒரே வீட்டில் இருந்தும் நான் அதைப் பார்க்கவில்லை.

“ஐஞ்சு நாள் விட்டாச்சு அத்தை. விட்டா மருந்து கேக்காதாம்.”

“கேக்காட்டி வேற மருந்து கேப்போம். செத்துப்போனா எதக் கேக்க? அந்த மேடத்துக்குப் போனப் போடு.”

நான் தயங்கினேன். நிறுத்தியது தெரிந்தால் திட்டுவார்கள் என்றேன்.

“திட்டட்டும். திட்டு வாங்கி எவளும் சாகல.”

என் போனை வாங்கி அவளே ஸ்பீக்கரில் போட்டாள். அத்தை நாள் கணக்கோடு நடந்ததைச் சொல்லி முடிப்பதற்குள் தங்கபாய் மேடத்தின் குரல் உயர்ந்துவிட்டது.

“இன்னைக்கு மாத்திரையத் தொட்டியா?”

“கையில வச்சிருக்கேன்.”

“கீழ போடு! வாயில மட்டும் வச்சிராத. நின்னுபோன பொறவு மறுபடி போட்டா உசுருக்கே ஆபத்து. அந்த டப்பாவ எடுத்துக்கிட்டு இப்பவே கிளம்பி வா. டாக்டர்ட்ட சொல்லி வைக்கேன். ஏம்மா, அட்டையில இதத்தான எழுதியிருக்கு? அட்டை எங்க?”

அத்தை என்னைப் பார்த்தாள். நான் செம்பைப் பார்த்தேன்.

“கிழிச்சுட்டேன்” என்றேன். மேடத்துக்குக் கேட்டதோ இல்லையோ, அத்தைக்குக் கேட்டுவிட்டது.

அத்தை திட்டவில்லை. பையிலிருந்து கம்பெனியின் சிவப்பு நாடாத் துண்டு ஒன்றை எடுத்து, மாத்திரையை டப்பாவுக்குள் போட்டு மூடி, டப்பாவைச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டாள். “வண்டிய எடு” என்றாள்.

வண்டியை வாசலில் நிறுத்துவதற்குள் தெரு பார்த்துவிட்டது. எதிரே குழாயடியில் அம்மாவோடு ஏழெட்டுப் பேர். கோவிலில் பூசை வைக்கும் சிவனாண்டித் தாத்தா மஞ்சள் வேட்டியோடு அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். அத்தை வேப்பிலைத் தோரணத்தைக் குனிந்து கடந்து தெருவில் கால் வைத்தாள்.

“ஏட்டி முனீஸு! நில்லு! கொடி ஏறியிருக்கு. மூணாந்தண்ணி ஊத்தாம எங்க போற? நீ ஒருத்தி செய்யிறதுக்கு ஊருல்லா அனுபவிக்கணும்?”

“ஆஸ்பத்திரிக்குப் போறேன் சித்தப்பா.”

“அம்மைக்கு ஆஸ்பத்திரியா?”

அம்மா ஓடிவந்து அத்தையின் கையைப் பிடித்தாள். “நாளைக்கு ஒரு நா பொறுத்துக்க தாயி. தண்ணி ஊத்துன பொறவு நானே கூட்டிட்டுப் போறேன்.”

“நாளைக்குத் தண்ணி ஊத்திட்டு நீங்களே டப்பாவ எடுத்துத் தருவீக மதினி. நானும் தின்னுருப்பேன். அதோட முடிஞ்சிருக்கும்.” கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு அத்தை குழாயடிப் பக்கம் திரும்பினாள். “இது அம்மை இல்ல சித்தப்பா. ஆத்தா மேல பழி போடாதீக. நான் சாப்பிடுற மாத்திரை ஒத்துக்கல.”

“ரத்த மாத்திரை ஒத்துக்காம இப்படித் தடிக்குமாக்கும்?”

அத்தை ரத்த மாத்திரை என்றே விட்டுவிட்டுப் போயிருக்கலாம். நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன்.

“ரத்த மாத்திரை இல்ல. எனக்கு எச்.ஐ.வி. இருக்கு. பதினோரு வருசமா இருக்கு. அதுக்கான மாத்திரை.”

யாரோ வைத்த குடம் நிரம்பி வழிந்துகொண்டே இருந்தது. முத்துப்பேச்சி அக்காதான் முதலில் வாயைத் திறந்தாள். “அதான பாத்தேன்.”

“என்னத்தப் பாத்த? உன் மகளுக்குத் தல தீவாளிக்கு அதிரசம் சுட்டது யாரு? மூணு தூக்கு வாங்கிட்டுப் போனேல, அதையும் பாத்தியா? சாப்பாட்டுலயும் தொட்டுப் பேசுறதுலயும் இது ஒட்டாது. ஒட்டுறதா இருந்தா நீ இந்நேரம் எனக்கு முன்னாடி மாத்திரை வாங்குற வரிசையில நின்னுருப்ப.”

யாரோ ஒருத்தி சிரிப்பை அடக்கினாள். சிவனாண்டித் தாத்தா தோள்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு வழியை விட்டு நகர்ந்தார். நான் தலை குனிந்து ஹேண்டில்பாரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ஏட்டி, என்ன பராக்குப் பாக்க? வண்டிய முடுக்கு.”

ஸ்ரீவில்லிபுத்தூரில் டாக்டரம்மா அத்தையின் நாக்கு, கண், தோல் எல்லாம் பார்த்தார். வாயில் புண் இல்லை, கண் சிவக்கவில்லை, தோல் உரியவில்லை, அதுவரை நல்லது என்றார். ரத்தம் எடுத்து, இரண்டு நாள் கண்காணிப்பில் வைத்தார்கள். நாடா கட்டிய டப்பாவை மேசையில் வைத்ததும் அவர் சிரித்துவிட்டார்.

“சரியாத்தான் கட்டியிருக்கீங்க. இந்த மருந்து உங்களுக்கு ஆயுசுக்கும் கிடையாது. காய்ச்சல் தணிஞ்சிட்டதேன்னு மறுபடி ஒண்ணு போட்டிருந்தா, சில மணி நேரத்துல பிரஷர் இறங்கி ஆளே போயிருக்கலாம். ஆனா ஒண்ணு. சின்ன அரிப்புக்கெல்லாம் நீங்களா எதையும் நிறுத்தக்கூடாது. சாதாரணத் தடிப்பு தானா ஆறிரும். எது எதுன்னு பிரிச்சுச் சொல்லத்தான் நாங்க இருக்கோம். அன்னைக்கே போன் பண்ணணும், ஒரு வாரம் கழிச்சு இல்ல.”

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. பார்த்ததாகவே எனக்குத் தோன்றியது.

அபாகாவிருக்குப் பதிலாக வேறு மருந்து கொடுத்தார்கள். அதில் ரத்தம் குறைகிறதா என்று அடிக்கடி பரிசோதிக்க வேண்டும். அத்தையின் சிகிச்சைப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் அபாகாவிர் கூடாது என்று சிவப்பு மையில் எழுதினார்கள். அதையே எழுதிப் புது அட்டை ஒன்றும் தந்தார்கள்.

ஊர் உடனே மாறிவிடவில்லை. டவுன் பஸ்ஸில் அத்தை பக்கத்து இருக்கை இப்போதும் சில நாள் காலியாகவே போகிறது. “நல்லதாப் போச்சு, ரெண்டு பேரு எடத்துல ஒருத்தி உக்காந்து வாரேன்” என்கிறாள். கம்பெனியில் அவள் செக்கிங் மேசை அவளிடமே இருக்கிறது. பேச்சு அங்கேயும் எட்டி மேனேஜர் கூப்பிட்டு விசாரித்தபோது, சட்டத்தில் என்னை நிறுத்த இடமில்லை, வேண்டுமானால் வக்கீலைக் கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வேலைக்குத் திரும்பினாளாம். சட்டம் பற்றி அவளுக்கு யார் சொன்னார்கள் என்று கேட்டேன். தங்கபாய் மேடமாம். அதே மேடத்தின் எதிரில் நானும்தான் உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்கு வந்த மறுநாள் அத்தை என் கையில் புது அட்டையையும் ஓர் ஆணியையும் கொடுத்தாள். வேப்பிலை தொங்கிய நிலைக்குப் பக்கத்தில் அடிக்கச் சொன்னாள்.

“வாசல்லயா அத்தை? வாரவுக போறவுகல்லாம் பாப்பாகளே.”

“அதுக்குத்தான். நான் மயங்கிக் கிடக்கையில நீ வீட்டுல இருப்பியோ இருக்க மாட்டியோ. எவளாச்சும் படிச்சு டாக்டர்ட்ட சொல்லணும்ல?”

அடித்தேன். முதல் அடி விரலில் விழுந்தது.

மாலையில் முத்துப்பேச்சி அக்கா அம்மாவிடம் கறிவேப்பிலை கேட்டு வந்தாள். வாசலிலேயே நின்றாள். உள்ளே வரத் தயக்கமா, அட்டையைப் பார்த்துவிட்டாளா, தெரியவில்லை. உதடு மெல்ல அசைந்தது.

“அபா... என்னமோ போட்டிருக்கு. இத உனக்குக் குடுக்கவே கூடாதாம்ல முனீஸு?”

அத்தை உள்ளேயிருந்தே சொன்னாள். “முழுசாப் படி. சத்தமாப் படி.”